மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி

தட்சிணாமூர்த்தி மாமா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு கேட்டால்தான் ஆபத்து என்று கடலூர் முதுநகரில் எல்லோருக்கும் தெரியும். தீபிகாவுக்குத்தான் தெரியாது, பாவம்.

“ஆஸ்டல்ல போக்கர் ஆடுறியாமே? என்னை ஜெயிச்சிடு, உன் படிப்பு முடியுற வரைக்கும் நான் வாயே தொறக்கல. தோத்துட்டன்னு வெச்சிக்க, தை மாசம் தாலி ஏறுன கையோட அந்த ஆராய்ச்சிய மூட்ட கட்டிடணும். சரியா?”

சிதம்பரத்தில் ஒரு மண்டபம். ஆகாஷின் அக்கா குழந்தைக்குக் காது குத்தி, பந்தி முடிந்து, ஆண்கள் ஜமக்காளம் விரித்துச் சீட்டோடு உட்கார்ந்த மத்தியானம். ஆகாஷ், தீபிகாவுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை. மாமா அவனுடைய தாய்மாமன். கப்பல் வேலையில் போக்கர் பழகியவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் ஒன்று, சீட்டின் மேல் கொடுத்த வாக்கை அவர் மாற்றியதே கிடையாது.

தீபிகா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். அண்ணாமலை நகரில் அவளுடைய நண்டு ஆராய்ச்சி பாதியில் நிற்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் தொடரலாமா என்று ஆகாஷிடம் எத்தனையோ முறை கேட்டாயிற்று. “நான் உன் பக்கந்தான் தீபி, மாமாதான் ஒத்துக்க மாட்டேங்குறாரு” என்பான். இப்போது அந்த மாமாவே வாயைக் கொடுத்திருக்கிறார். விடுவாளா?

“சரி மாமா” என்றாள். ஓரமாக உட்கார்ந்திருந்த அவள் அப்பா ராஜவேலுக்குப் போட்டிருந்த வெற்றிலை தொண்டையில் சிக்கியது.

காது குத்திய வீட்டில் காசு வைத்து ஆடினால் அசிங்கம் என்று, பாயசத்துக்கு வாங்கி மிஞ்சிய காடாம்புலியூர் முந்திரியை ஆளுக்கொரு குவியலாகப் போட்டார்கள். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் இருவருக்கும் பொதுவாக ஐந்து. எல்லாம் சேர்ந்து யாருக்கு நல்லதாக அமைகிறதோ அவருக்கு முந்திரி. வேண்டாமென்றால் நடுவிலேயே கவிழ்த்துவிடலாம்.

அந்த நேரம் பார்த்து ஆகாஷ் வந்தான். மாப்பிள்ளை நிற்கலாமா? “மாப்ளைக்கு சேர் போடுங்கப்பா!” என்று ஆளுக்கு ஆள் ஓடி, தீபிகாவுக்கு நேர் பின்னாலேயே போட்டார்கள். ஆடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஆள் உட்காரக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளையைத் தள்ளி உட்காரச் சொல்ல எந்தப் பெண் வீட்டுக்கு வாய் வரும்? தீபிகாவுக்கும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவன் பின்னால் இருந்தது அவளுக்குத் தெம்பாகவே இருந்தது.

ஆஸ்டலில் அவளை ஜெயிப்பது குதிரைக்கொம்பு. அவளைவிட மூளைக்காரிகள் அங்கே உண்டு. ஆனால் இவ்வளவு பொறுமை எவளுக்கும் இல்லை. மோசமான சீட்டு வந்தால் மூக்கால் அழாமல் கவிழ்த்துவிடுவாள். நல்லது வந்தால் கண்கூட இமைக்காது. அவள் அம்மா செல்லாயி துறைமுக ஏலத்தில், தனக்கு வேண்டிய மீன் கூடையை ஏறிட்டும் பார்க்காமல்தான் விலை கேட்பாள். அந்தக் கல்லு மூஞ்சி மகளுக்கும் அப்படியே வந்திருந்தது.

இன்றைக்கு அது எதுவும் பலிக்கவில்லை. அவளுக்கு நல்ல சீட்டு வந்தால் மாமா கவிழ்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். மோசமாக வந்தால் முந்திரியை அள்ளி அள்ளி நடுவில் தள்ளினார். அவள் குவியல் கரைந்தது. “ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒக்காந்தா இப்பிடித்தான்” என்று ஆகாஷின் அத்தை தங்கம்மாள் காது கேட்கவே முனகினாள். தீபிகாவுக்குப் புரியவில்லை. என் மூஞ்சியில் எதைப் பார்க்கிறார் இந்த மனுஷர்?

அடுத்த ஆட்டத்தில் இரண்டு ராணி வந்தது. பின்னால் ஆகாஷ் கையிலிருந்த பைக் சாவிக்கொத்து கிணிங்கென்றது. மாமா கவிழ்த்தார். அதற்கடுத்து உருப்படாத சீட்டு. சாவி பேசவில்லை. மாமா முந்திரியைத் தள்ளினார்.

நல்ல சீட்டுக்கு மட்டும் சாவி பேசுகிறதே என்று அவளுக்கு உறைத்தது. நல்ல சீட்டைப் பார்த்த சந்தோஷத்தில் சாவியை ஆட்டுகிறான், வெள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது. இருந்தாலும் பார்த்துவிடுவோமே?

கடைசிப் பிடி முந்திரிதான் மிச்சம். சீட்டு வந்தது. அடியிலிருந்த சீட்டின் முனையை மட்டும் உள்ளங்கைக்குள் பொத்திப் பார்த்தாள். ஏஸ், எல்லாவற்றிலும் பெரிய சீட்டு. அதை அப்படியே மறைத்து, மேலிருந்த நாலை மட்டும் பின்னால் இருப்பவனுக்கு நன்றாகத் தெரியும்படி தூக்கினாள். ஆகாஷுக்குப் பொறுமை ஏது? அந்த ஒன்றே போதுமென்று இருந்துவிட்டான். சாவி மூச்சு விடவில்லை.

நடுவில் இரண்டு ஏஸ் விழுந்தன, ஒரு ராஜாவும் வந்தது. மாமா மீசையைத் தடவிக்கொண்டு, “மொத்தமும் வெக்கிறியா பொண்ணு?” என்றார்.

ஒரு நீண்ட மூச்சு விட்டு, பயந்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் தள்ளினாள். மாமா தன் ராஜாவைப் போட்டு, நடுவிலிருந்த ராஜாவோடு ஜோடி சேர்த்தார். தீபிகா ஏஸைத் திருப்பினாள். மூன்று ஏஸ்! நடுவிலிருந்த முந்திரியெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

எத்தனை வருஷப் பழக்கம் இருந்து என்ன, தோற்ற நேரத்தில் நாக்கு நிற்க வேண்டுமே.

“என்னடா மாப்ள, சாவி சத்தமே காணோம்?” என்று மாமா கத்திவிட்டார்.

கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்தார். தீபிகா மெல்லத் திரும்பினாள். ஆகாஷின் முகத்தில் ஈயாடவில்லை.

“இல்ல தீபி... மாமாதான் சொன்னாரு. கல்யாணத்துக்கப்புறம் உனக்கும் டெய்லி பஸ்ல அலைச்சல் ஜாஸ்தி... உன் நல்லதுக்குத்தானே...”

ஆத்திரத்தில் காது சுட்டது.

மாமா சீட்டுக்கட்டைத் தூர எறிந்தார். “போதும். நான் தோத்தேன். சொன்னது சொன்னதுதான், நீ படிம்மா.”

“படிக்கிறேன் மாமா.” நிச்சய மோதிரத்தைக் கழற்றி முந்திரிக் குவியலின் மேல் வைத்தாள். “நீங்க எதிர்ல ஒக்காந்தவரு. என் பக்கம்னு சொன்னது இவருதானே?”

ராஜவேல் பதறி எழுந்தார். “நீதான் ஜெயிச்சிட்டியேம்மா! அவசரப்படாத!”

“கவுத்துட வேண்டிய சீட்டுப்பா இது. கையில வெச்சிருந்தா நஷ்டந்தான் ஜாஸ்தி.”

மண்டபமே செல்லாயியைப் பார்த்தது. ஏலத்தில் நிற்கும் அதே முகத்தோடு அவள் எழுந்துபோய், மகளின் செருப்பைத் தேடி எடுத்து வாசலில் போட்டாள்.