நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டேன் என்று யாரும் என்னிடம் வரக்கூடாது. சென்ற சனிக்கிழமை மதியம், நூலகத்தின் பின்னால் இருக்கும் சின்ன அரங்கில், எண்பது பேர் என் தங்கையைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"கணினிகளும் மனிதர்களைப் போலத்தான், ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டுமென்றால்..."

அடித்துவிட்டேன். கணினி மனிதர்களைப் போல ஒன்றும் இல்லை. அது யாரையும் மேடையில் வைத்து அவமானப்படுத்தாது.

இரண்டாவது தொடக்கம்: "அவள் மேடையேறியபோது அரங்கமே நிசப்தமாக..."

இது பச்சைப் பொய். எனக்கு முன்னால் ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் இப்போது படித்து முடித்தீர்கள். அது நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது உண்மை.

2.

என் தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூன்று பேரோடு சேர்ந்து கணினியில் இசை வாசிக்கிறாள். இடம், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை இறங்கும் பலகை, அலமாரியில் யாரும் வாங்காத ஃபிரேம்கள், நடுவில் ஒரு மேசை, அதன்மேல் நான்கு கணினிகள்.

கடைக்காரருக்கு எங்கள் அப்பா வயது. வயிற்றில் அதிரும் கனத்த ஒலிகள் எல்லாம் அவருடையவை. அடுத்தவள் வங்கியில் வேலை பார்ப்பவள். தன் குரலையே துண்டு துண்டாக வெட்டி வாசிப்பாள், அதனால் பாட்டுக்காரி. மூன்றாவது ஆள் தாடி. அவன் முகத்தில் தாடி போய் நாலு வருடம் ஆகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. உங்கள் குழுவுக்குத் தலைவர் யார் என்று யாராவது கேட்டால், எங்களுக்குத் தலைவரே கிடையாது என்று எப்போதும் தாடிதான் பதில் சொல்வான்.

தாளம் என் தங்கையுடையது. அதோடு, நான்கு கணினிகளையும் ஒரே எண்ணிக்கையில் நிறுத்துவதும் அவள்தான். எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் சேர்த்தால், அதற்கென்று இருக்கும் ஒரு நிரல் தாளத்தைப் பொதுவாக எண்ணிக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மற்ற மூன்றும் பின்னாலேயே போகும். அது சுலபம். கஷ்டம் வேறு. ஒவ்வொரு கணினியும் ஒலியை வெளியே விட ஒவ்வொரு அளவு நேரம் எடுத்துக்கொள்கிறது. இரண்டிரண்டு ஒலிபெருக்கிகளைப் பக்கத்தில் வைத்து, இரண்டு 'டிக்'கும் ஒரே 'டிக்'காகக் கேட்கும்வரை ஒரு மாதம் உட்கார்ந்து திருத்தினாள். பரிசோதனைக் குப்பிகளுக்கு ஒட்டுவதுபோல ஒவ்வொரு கணினியின் மூடியிலும் வெள்ளை டேப் ஒட்டி எண்ணை எழுதினாள்: 11, 7, 23, 14.*

(* மில்லிசெகண்ட். ஒரு நொடியை ஆயிரமாக வகுத்தால் வருவது. இதெல்லாம் யாருக்கடி கேட்கும் என்று நான் கேட்டேன். "உனக்குக் கேக்காதுக்கா. ஆனா ஏதோ சரியில்லைன்னு தோணும்," என்றாள்.)

இந்த வேலையின் லட்சணமே இதுதான். சரியாக நடக்கும்வரை இப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சி போஸ்டரில் தாடிக்கு நேராக 'இசை', பாட்டுக்காரிக்கு நேராக 'குரல்', கடைக்காரருக்கு நேராக 'ஒலி' என்று போட்டிருந்தார்கள். என் தங்கைக்கு நேராக 'உதவி'. உதவியாம். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. போஸ்டரைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது, எழுத்து நல்லா இருக்கு என்பது மட்டும்.

3.

இனி தாடி. அவனை எப்படி எழுதுவது என்பதில் எனக்குத் தடுமாற்றம் இருக்கிறது. முதல் வரைவில் அவன் அசல் வில்லன். [அவன் சிகரெட் சாம்பலை அவளுடைய கணினியின் மேல் தட்டிவிட்டு...] அவன் சிகரெட் பிடிப்பதில்லை. [போன் செய்தால் எடுக்காமல்...] எடுப்பான்.

நான் எது எழுதினாலும் முதலில் படிப்பவள் தங்கைதான். படித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அவன் இப்படி இல்லக்கா. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கூட இருந்தது யாரு? நீ ஊர்ல இல்ல."

நான் ஊரில் இல்லைதான். அதைச் சொல்லிக்காட்டச் சொல்லவில்லையே நான்.

சரி, சாம்பலை எடுத்துவிட்டேன். நடந்ததை மட்டும் வைக்கிறேன். ஞாயிறு பயிற்சிகளில் கணினிகளை வயரால்தான் இணைப்பார்கள். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னால், மேடையில் வயர் வேண்டாம் என்று தாடி சொன்னான். போட்டோவில் பார்த்தால் டிவி ரிப்பேர் கடை மாதிரி இருக்கிறதாம். வயர்தான் நம்பகம் என்று தங்கை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சொல்லாமல், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் இருந்த பழைய வைஃபை பெட்டியைத் துடைத்துப் பையில் எடுத்து வைத்தாள். அவள் சுபாவம் அது. எனக்கு அந்தச் சுபாவத்தின் மேலும் கோபம்.

4.

சனிக்கிழமை. தாளத்தின் வேகம் நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு அடி. முதல் எட்டு நிமிடம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் திறமை போதாது. [நான்கு நதிகள் ஒன்றாக...] வேண்டாம். ஒரே ஆள் எட்டுக் கையால் வாசிப்பது போலிருந்தது. பிஸ்கட்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். என் தங்கை தலையை லேசாக ஆட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். பெருமைதான், வேறென்ன.

ஒன்பதாவது நிமிடத்தில் தாளம் ஓட ஆரம்பித்தது. முதலில் உற்சாகம் என்று நினைத்தேன். பிறகு பாட்டுக்காரியின் குரல் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்தன. கடைக்காரர் இரண்டு கையையும் கணினியிலிருந்து எடுத்துவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். தங்கை வேகத்தை 118-க்கு இறக்கினாள். ஏறியது. இறக்கினாள். ஏறியது. நான்கு முறை. கடைசியில் 131-இல் போய் நின்றது என்று வீட்டில் சொன்னாள். மேடையில் யாரும் அதைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தாள்.

தாடி எல்லாவற்றையும் நிறுத்தினான். மைக்கைப் பிடித்தான்.

"கடிகாரத்தைப் பார்த்துக்க வேண்டியவங்க தூங்கிட்டாங்க போல," என்றான்.

அரங்கம் சிரித்தது. அதுதான் அந்தச் சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை குழுவின் வாட்ஸ்அப்பில் தாடி எழுதினான். அடுத்த மாதம் ஒலிப்பதிவு இருக்கிறது, அதற்குத் தாளம் எண்ணித் தர ஒரு கருவியை வாங்கிவிடலாம். கூடவே என் தங்கைக்கு: நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்க. பாட்டுக்காரி பதில் போடவில்லை. கடைக்காரர் கும்பிடும் கை ஒன்றைப் போட்டார். அது யாரைக் கும்பிட்டது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு கும்பிடில் முடிந்தன.

தங்கை சண்டை போடவில்லை. வேலையிலிருந்து வந்ததும் கணினியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு அமைப்பாக முதலிலிருந்து சரிபார்க்கிறாள். "எங்கயோ நான்தான்க்கா விட்டிருக்கேன். அது எதுன்னு தெரிஞ்சா போதும், நான் போய் அவங்ககிட்ட சொல்லிடுவேன்," என்கிறாள்.

5.

இந்த இடத்தில் கதை பதினொரு நாள் நின்றுபோனது. முதல் பகுதியில் 'சென்ற சனிக்கிழமை' என்று இருப்பதை மாற்றாமல் விட்டிருக்கிறேன். இப்போது மூன்று வாரம் ஆகிவிட்டது.

நான்காம் பகுதியில் அந்த வேக எண் திரையில் எப்படித் தெரியும் என்று ஒரு வரி சேர்க்க நினைத்தேன். சின்ன விவரம். அந்த நிரலோடு சேரும் செயலி ஒன்று என் போனிலும் இருக்கிறது. வீட்டில் சோதித்துப் பார்க்கத் தங்கை போட்டு வைத்தது. அதைத் திறந்தேன். நடுவில் பெரிதாக எண் இருந்தது.

131.

நான்காம் பகுதியில் ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். மறைக்கவில்லை, அது கதைக்குத் தேவை என்று தோன்றவில்லை. நிகழ்ச்சி தொடங்குமுன் தங்கை மேடையிலிருந்து இறங்கி வந்து, பெட்டி வேலை செய்கிறதா பார்க்க வேண்டும், போனில் அந்த ஆப்பைத் திற என்றாள். எங்கள் வீட்டுப் பெட்டி, என் போன் கேள்வி கேட்காமல் அதோடு சேர்ந்துகொண்டது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மூடிடுக்கா," என்றாள்.

மூடவில்லை. போன் மடியில் கிடந்தது. அந்தச் செயலியில் திரையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பொத்தான் உண்டு. அதை எந்த வேகத்தில் தட்டுகிறோமோ அதுதான் எல்லோருக்கும் வேகம். ஒன்பதாவது நிமிடத்தில் நான் பெருமை தாங்காமல் கட்டைவிரலால் அந்தத் திரையின் மேலேயே தாளம் போட ஆரம்பித்தேன். எனக்குத் தாளம் நிற்காது, ஓடும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் தடுமாறுவதைப் பார்த்ததும் பதற்றத்தில் இன்னும் வேகமாகத் தட்டினேன். அவள் இறக்க இறக்க நான் ஏற்றியிருக்கிறேன். நான்கு முறை.

(ஒவ்வொரு கணினியும் தன்னோடு சேர்ந்திருக்கும் மற்றவற்றின் எண்ணிக்கையைத் திரையில் காட்டும். தன்னை எண்ணாது. எனவே அன்று மூன்று என்று காட்டியிருக்க வேண்டும். என் போனும் இருந்ததால் நான்கு என்று காட்டியிருக்கும். மேடையில் நான்கு பேர், திரையிலும் நான்கு. யாருக்கும் உறுத்தவில்லை, அவளுக்கும்தான். இதை ஒரு சாக்காகச் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். சொல்லிவிட்டேன், பாருங்கள்.)

6.

ஆக, மூன்று வாரமாகத் தாடியின் மேல் நான் கொட்டியதெல்லாம் என்ன கோபம்? எழுதியதை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. அவன் சொன்னதும் தப்புதான். மூன்று வருடம் கூட வாசித்தவளிடம் என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேட்காமல் மைக்கைப் பிடித்தவன் அவன். என் விரல் செய்த தப்பு அவன் வாயைச் சுத்தமாக்கிவிடாது. ஆனால் இப்போது அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதுதான் எரிகிறது.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: தாடி வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறான், நான் அவனுக்குத் தண்ணீர்... ச்சே. அந்த டம்ளரை எந்த முகத்தோடு நீட்டுவேன்?

முடிவு ஆ: தங்கை தானாகவே கண்டுபிடிக்கிறாள். இது எனக்கு வசதியான முடிவு. வசதியாக இருப்பதாலேயே கிழித்தேன்.

முடிவு இ: நான் போனை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கி... இதை எழுதியபோது கை நிற்கவே இல்லை, ஒரு பக்கம் சரளமாக ஓடியது. அதுதான் பயமாக இருந்தது.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். எனக்கும் தெரியும். இரண்டு முறை அவள் அறை வாசல் வரை போனேன். முதல் முறை, சாப்பிட வா என்றேன். இரண்டாம் முறை, ஃபேனைக் குறைக்கட்டுமா என்றேன். அவள் வேண்டாம் என்றாள்.

7.

இந்தக் கதையை ஒரு பத்திரிகை கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். தங்கையிடம் முதல் மூன்று பகுதிகள்தான் கொடுத்திருக்கிறேன். மீதி எப்போ தருவே என்று நேற்றும் கேட்டாள். திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றேன். தாடியை ரொம்பத் திட்டிடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒலிப்பதிவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. யாராவது போய் உண்மையைச் சொன்னால் அவளைத் திரும்பக் கூப்பிட அந்த ஒன்பது நாள் போதும்.

எனவே இது அச்சில் உங்கள் கையில் இருந்தால், இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. இந்தப் பக்கங்களை அவளிடம் கொடுத்து, அவள் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அனுப்பியிருக்கிறேன். அல்லது அவளிடம் காட்டாமலே அனுப்பிவிட்டேன். முன்பின் தெரியாத உங்களோடு சேர்ந்து அவளும் இப்போதுதான் இதைப் படிக்கிறாள். மூன்றாவது முடிவு எனக்குத் தெரியவில்லை.

நான் எதைச் செய்யக்கூடியவள் என்பது ஆறு பகுதிகளாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் போடுங்கள். அவள் வேலையிலிருந்து வந்துவிட்டாள், முகம்கூடக் கழுவாமல் தன் தப்பைத் தேட உட்கார்ந்துவிட்டாள்.