சனிக்கிழமை மசியல்

பிஸ்கட் தொழிற்சாலையில் எல்லாரும் அவரை 'நாக்கு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து உடைப்பார். கடித்து மென்று, கிண்ணத்தில் துப்பிவிட்டு, வெந்நீரில் வாய் கொப்பளிப்பார். 'மாவு பழசு' என்று அவர் சொன்னால் பழசுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நாக்கு பிசகியதில்லை.

சர்க்கரை வந்தபோது டாக்டர் நீட்டிய பட்டியலோடு அவர் மல்லுக்கட்டவில்லை. இனிப்பு, வறுத்தது, பொரித்தது எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். மனைவியிடம் மட்டும் ஒன்று கேட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம் உருளைக்கிழங்கு மசியல் மட்டும் இருக்கட்டும். வெண்ணெய் போட்டு. வாரத்துல ஒரே ஒரு வேளை. அதுல மட்டும் கை வைக்காதே."

"வைக்க மாட்டேங்க," என்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதம் ஓட்டினார். வேகவைத்த காய், தோலுரித்த கோழி, மறுபடியும் வேகவைத்த காய். சனிக்கிழமை வரும். வெள்ளை வெளேரென்ற மசியல்மேல் வெண்ணெய் உருகி வழியும். முதல் கரண்டியிலேயே கண் தானாக மூடிக்கொள்ளும். "இதுக்காகத்தான் உசிரோட இருக்கேன்" என்பார். கண்ணைத் திறக்கும்போது மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாசத்தில் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை மனைவிக்குக் காய்ச்சல்.

"நீ படு. இன்னிக்கு மசியல் நான் பண்றேன்."

"வேண்டாங்க. ரொட்டி இருக்கு, அது போதும்." பாதி எழுந்தே விட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. வீட்டில் ஒரு கிழங்குகூட இல்லாதது அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. கடைக்குப் போய் வாங்கி வந்து வேகவைத்து, மசித்து, உப்பும் மிளகும் வெண்ணெயும் சேர்த்து ருசி பார்த்தார்.

நெற்றி சுருங்கியது. கனமாக இருந்தது. மேலண்ணத்தில் பசைபோல ஒட்டியது. கிழங்கு பழசு என்று முடிவுகட்டி, சட்டியோடு குப்பையில் கவிழ்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார். இரண்டாவதும் அப்படியேதான் வந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படுக்கையருகே போனார்.

"எங்கேயோ தப்பு பண்றேன். உன் கைப்பக்குவம் வரவே மாட்டேங்குது."

மனைவி ஒரு வாய் சாப்பிட்டாள். கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறை வாசலில் நின்ற மகளுக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.

"அப்பா, நீங்க பண்ணது சரியாத்தான் இருக்கு. நிஜ உருளைக்கிழங்கு இப்படித்தாம்ப்பா இருக்கும்."

"அப்ப, அம்மா பண்றது?"

"காலிஃப்ளவர்," என்றாள் மனைவி. "கூட ஒரு கைப்பிடி வெள்ளை பீன்ஸ், சுட்ட பூண்டு. வெண்ணெய் மேலாக மட்டும். நாக்குல முதல்ல படறது அதுதானே."

"எத்தனை நாளா?"

"முதல் வாரம் பாதிக்குப் பாதி. கண்டுபிடிச்சிடுவீங்கன்னு உயிரைக் கையில பிடிச்சிட்டிருந்தேன். நீங்க இன்னும் கொஞ்சம் கேட்டீங்க. மூணாவது வாரத்துலேர்ந்து முழுசா."

"போன மாச ரிப்போர்ட்டை நினைச்சுப் பாருங்க நாக்கு சார்," என்றாள் மகள். "சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கு! அம்மாவுக்கு மாலை போடணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கெடுத்தவர்களோடு சண்டை போடலாம். உயிரைக் காப்பாற்றியவளிடம் என்னவென்று கேட்பது? எந்தப் பக்கம் திரும்பினாலும் நியாயம் அவளிடம் இருந்தது. தன்னிடம் இருந்ததெல்லாம் ஒரு வாக்கு. அதுவும் இப்போது இல்லை.

"நான் கண்ணை மூடினப்போ சிரிச்சீங்களா?"

"முதல்ல கொஞ்சம்," என்றாள் மனைவி. "அப்புறம் பழகிடுச்சு."

சிரித்ததைவிடப் பழகியதுதான் அவருக்கு வலித்தது.

"சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பேனே."

"மாட்டீங்க. காலிஃப்ளவர்னு தெரிஞ்சா முதல் வாயிலேயே நூறு குறை சொல்லியிருப்பீங்க."

அது உண்மை.

திங்கட்கிழமை வேலையில், மேற்பார்வை பார்க்கும் அம்மா குறிப்பேட்டோடு எதிரே நின்றாள். "வெண்ணெய் எப்படி சார்?" அவர் மென்றார், துப்பினார், வாய் கொப்பளித்தார். இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. அந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, காய்ச்சல் விட்டு எழுந்த மனைவி கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"காலிஃப்ளவர்தான். சொல்லிட்டேன்."

அவர் சாப்பிட்டார். ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"ஒண்ணுமே சொல்லலையே. எப்படி இருக்கு?"

அவர் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அதையும் நீயே சொல்லிடு."