மீராசாவின் கடனைக் கேட்டு வந்தவர்கள்

கிட்ட வந்து குந்துங்கள், என் செல்லங்களே. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்முனைக்குடியில் பட்டப்பகலில் நடந்த ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

நெல் வியாபாரி மீராசாவைச் சுனாமி கொண்டுபோனது. தாயில்லாத ஒரே மகள் ஸுல்பிகா. சொத்தில் பாதி அவளுக்கு, மற்றப் பாதி மீராசாவின் தம்பி ஸலாஹுதீனுக்கு. கடனை அடைத்த பிறகுதானே பங்கு பிரிக்கலாம்? அந்தப் பொறுப்பைத் தம்பி எடுத்தார். நாலரை வருடமாக அடைத்துக்கொண்டே இருந்தார். அரிசி ஆலை போனது, கடை போனது. யுத்தம் முடிந்த அந்த மாதம், வரிப்பத்தான்சேனையில் மிஞ்சிக் கிடந்த வயலுக்கும் அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் வந்து விலை பேசிப் போனார். தகரக் கொட்டிலில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஸுல்பிகாவுக்குச் செய்தி எட்டியது. அன்றைக்கே நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம் சாச்சா ஸலாஹுதீனின் வாசலில் போய் நின்றாள்.

"கணக்குக் கொப்பியக் காட்டுங்க சாச்சா."

"என்னில நம்பிக்கை இல்லியா மகள்?"

"நம்பிக்கையப் போட்டுச் சோறாக்கேலா. நான் வாரிசு. யாருக்கு என்னத்துக்குக் குடுத்தண்டு பாக்க எனக்கு உரிமை இரிக்கி."

கொப்பியின் பக்கங்கள் ஈரத்தில் ஊறி, உப்புப் பூத்து ஒட்டியிருந்தன. வண்டிக்கார அப்துல் ஹமீட். பேக்கரி ஸப்ரி. தையல்காரி கைருன்னிஸா. ஸுல்பிகாவின் விரல் நின்றுவிட்டது. எல்லோரும் வாப்பாவோடு அதே காலையில் போனவர்கள்.

"மௌத்தாப் போனவங்கட பேரை எழுதினா ஆரு வந்து கேக்கிறதண்டு நினைச்சீங்களா?"

"அவங்கதான்கா வாறாங்க." சாச்சா கொப்பியை மூடினார். "வாப்பாவ அடக்கக்குள்ள, 'மையித்துக்குக் கடன் குடுத்தவங்க இரிந்தா என்னக் கேளுங்க'ண்டு செல்லணும்தானே? சனத்தப் பாத்துச் செல்லணும். அண்டைக்கு எனக்குப் பின்னால நாலே பேர். நான் குழியப் பாத்துச் செல்லிட்டன் மகள். குழிக்குள்ள நூறு பேர்."

அப்போது வெயிலில் கொதித்த முற்றத்தில் ஓர் ஈரக் காலடி விழுந்தது. பிறகு இன்னொன்று. கால்களைக் காணவில்லை, காலடிகள் மட்டும் வந்து படியில் நின்றன. தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. சாச்சா பழக்கத்தில் காசுக்கு மடியைத் தடவினார். ஸுல்பிகா அவர் கையைப் பிடித்தாள்.

"ஆரு?"

"கைருன்னிஸா." கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஒரு குரல்.

ஸுல்பிகா படிக்குக் கிட்டப் போனாள். "ராத்தா, என்ட வாப்பா எப்ப உங்களிட்டக் கடன் வாங்கின? என்னத்துக்கு?"



"வாங்கல்லியே மகள். கேளுங்கண்டு உன்ட சாச்சா செல்லிச்சி, கேட்டம். என்னத்துக்கெண்டு ஒருத்தரும் திருப்பிக் கேக்கல்ல."

சாச்சா கொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"குடுத்த காசெல்லாம்?"

"எங்களுக்கென்னத்துக்குக் காசு? கடலுக்குள்ள கிடக்கு. வந்து போக ஒரு வீடு இரிந்திச்சி, அவ்வளவுதான்."

"இனி வராதீங்க ராத்தா. இல்லாத கடனுக்குத் தரமாட்டம். மத்தவங்களுக்கும் செல்லுங்க."

"ஓம். நீ வாரிசு. நீ செல்லலாம்."

காலடிகள் கடல் பக்கம் திரும்பிப் போயின. படியில் இருந்த காலடி மட்டும் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் காயவில்லை.

வயலை விற்கவில்லை. அந்தச் சிறுபோகத்தில் விளைந்த நெல்லில் பாதி ஸுல்பிகாவின் கொட்டிலுக்கு வந்தது. மூட்டையை இறக்கும் முன்பே சாச்சா நெல் நிறுத்த சிட்டையை நீட்டினார். அவள் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் தேநீர் ஊற்றினாள்.

உங்கள் வீடுகளில் அல்லாஹ் பறக்கத்தைச் சொரியட்டும், என் செல்லங்களே. கணக்குக் கேட்கக் கூசாத வாயும், கேட்டால் கறுக்காத முகமும் அங்கே இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற காலெல்லாம் உயிருள்ள காலாக இருக்கட்டும். ஆமீன்.