வலது கைப் பிரேக்

எங்கள் மலை சைக்கிள் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு, இந்த வருஷம் எங்கெல்லாம் ஓட்டினோம், என்னென்ன புது மோஸ்தர் வந்தது என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் தலைவர். சங்கத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கிராம் அண்ணன். காலுறையைக்கூடத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். நான் சைக்கிள் கடை மெக்கானிக். சங்கத்து வண்டி எதுவானாலும் என் கைபட்டுத்தான் மலைக்குப் போகும், அதனால் நான்தான் எழுத வேண்டுமாம்.

"ஜூலை மட்டும் வேண்டாம்மா. நல்லதா நாலு வார்த்தை எழுது," என்றார்.

ஜூலையில் என் தங்கச்சி விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது, தலையிலும் அடி. எந்த இறக்கம், எந்த வண்டி, ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. "பின் பிரேக்கைத்தான் பிடிச்சேன்" என்பது மட்டும் நினைவிருந்தது. அதை யாரும் நம்பவில்லை. அவள் சைக்கிள் பஞ்சரானதால் தன் பழைய கறுப்பு வண்டியைக் கொடுத்ததாகவும், "பொண்ணுக்குக் கையில கன்ட்ரோல் இல்ல" என்றும் கிராம் அண்ணன் ஊரெல்லாம் சொன்னார். சங்கத்திலேயே நன்றாக ஓட்டுகிறவள், எலும்பு கூடிய பிறகும் சைக்கிளைத் தொடவில்லை. விற்பதற்கு விளம்பரம் போட்டுவிட்டாள். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வாங்க ஆள் வருவதாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஜனவரியில் எல்லோருக்கும் பின் சக்கரம் மட்டும் சின்னதாக வேண்டும் என்று வெறி. அப்போதுதான் வளைவில் வண்டி சட்டென்று திரும்புமாம். மார்ச்சில் கம்பியில்லாத கியர். முதல் நாளே மூன்று பேர் சார்ஜ் போட மறந்து, ஒரே கியரில் மேடேறி நாக்குத் தள்ளி நின்றார்கள். மே மாதம் மோட்டார் வைத்த சைக்கிள். ஏறுவதற்கு மோட்டார் இருக்கிறது, இறங்குவதற்கு மலை இருக்கிறது, நீங்கள் எதற்கு என்று கேட்டால் துரைகளுக்குக் கோபம் வருகிறது.

ஜூனில் பிரேக் பைத்தியம். எங்கள் சங்கத்துச் சைக்கிள்களில் இடது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு, வலது கைப் பிரேக் பின் சக்கரத்துக்கு. மோட்டார் சைக்கிளில் முன் பிரேக் வலது கையில். எவனோ ஒரு பந்தயக்காரன் அதே மாதிரி மாற்றிக்கொண்டேன் என்று வீடியோவில் சொல்லிவிட்டான். மறுநாளே கிராம் அண்ணன் தன் பச்சை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். நான்தான் மாற்றிக் கொடுத்தேன். "வேற யாருக்காவது ஓட்டக் குடுத்தா சொல்லிட்டுக் குடுங்கண்ணா" என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஜூலைக் கடைசியில் அந்த வண்டியை விற்றும்விட்டார். அலுத்துவிட்டதாம். வழக்கமான கூத்துதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்று மதியம் கிராம் அண்ணன், பார்த்து எழுத உதவும் என்று வருஷம் முழுக்க எடுத்த வீடியோக்களை மொத்தமாக அனுப்பினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை போலிருக்கிறது. அதில் ஒன்று ஜூலையில் அவர் ஹெல்மெட் கேமராவில் பதிவானது.

மேட்டு உச்சி. தங்கச்சி பச்சை வண்டியில் ஏறி உட்காருகிறாள். கறுப்பு இல்லை, பச்சை. "பிரேக் எப்படிண்ணா?" என்று கேட்கிறாள். கேட்டிருக்கிறாள் பாவி மகள்! "சூப்பரா பிடிக்கும், போ போ," என்கிறது அவர் குரல். செங்குத்து இறக்கத்தில், பின் பிரேக் என்று நம்பி வலது கையை இறுக்குகிறாள். முன் சக்கரம் அப்படியே நிற்கிறது. அவள் வண்டிக்கு மேலே பறந்து போய்ப் பாறையில் விழுகிறாள்.

உடனே அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"அதுவா... அன்னைக்குச் சொல்ல மறந்து போச்சும்மா," என்று இழுத்தார். "இப்பதான் எலும்பு கூடிடுச்சே. எதுக்குப் பழசைக் கிளறிக்கிட்டு?"

"எலும்பைப் பத்தி உங்ககிட்ட கேட்டேனா? கன்ட்ரோல் இல்லாத பொண்ணுன்னு சொன்ன அதே வாயால அவகிட்ட உண்மையச் சொல்லுங்க."

"விழா முடியட்டும்மா."

"உங்க விழாவுல இடி விழ!" என்று போனை வைத்துவிட்டுக் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன்.

தங்கச்சி வீட்டு வாசலில் வாங்க வந்தவர் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே போனை அவளிடம் நீட்டினேன். மூன்று தடவை பார்த்தாள். அப்புறம் அவரிடம், "மன்னிச்சுக்குங்க, விக்கல," என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எனக்கு உயிர் வந்தது. "அந்த ஆளைச் சும்மா விடக் கூடாதுடி! விழாவுல எல்லார் முன்னாடியும் இதைப் போட்டுக் காட்டி மானத்தை வாங்கறேன் பாரு."

அவள் என்னையே பார்த்தாள். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் உன்கிட்டதான்க்கா முதல்ல சொன்னேன், பின் பிரேக்கைத்தான் பிடிச்சேன்னு. நீ என்ன சொன்னே?"

மறக்கவில்லை. பின் பிரேக் பிடிச்சு யாரும் தலைகுப்புற விழ மாட்டாங்கடி, பயத்துல மாத்திப் பிடிச்சிருப்பே என்று சிரித்தேன். மெக்கானிக்கே சொல்லிவிட்டாள் என்று சங்கமே நம்பியது. கடைசியில் இவளும் நம்பிவிட்டாள்.

"அவர் தப்பிக்கப் பொய் சொன்னாரு. உனக்கு என்னக்கா வந்துச்சு?"

என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வாயில் வந்ததோ வேறு. "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போலாம்டி. வண்டியைக் குடு, கடைக்குக் கொண்டுபோய் நானே எல்லாம் சரி பண்ணித் தரேன்."

சைக்கிளைப் பிடிக்க நீண்ட என் கையை மெதுவாக விலக்கினாள்.

"வேண்டாம்க்கா. வேற கடையில பாத்துக்கறேன்."