வலிக்காத கால்

அம்மாக்கண்ணு பாயில் மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொண்டாள். யோகா வகுப்பின் கடைசிப் பயிற்சி அது. உடம்பைத் தளரவிட்டு மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும்.

நோர்வூட்டுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில்தான், அது காலியாகக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடந்தது. நீரிழிவு உள்ள பெண்களுக்காகத் தோட்டத்து நர்ஸ் ஜெயந்தினி தொடங்கியது. கொழுந்து எடுக்கும் அம்மாக்கண்ணு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மாத்திரையோடு பயிற்சியும் சேர்ந்ததில் போன மாதம் இரத்தத்தில் சீனி நன்றாகக் குறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

பின்வரிசையில் இருந்த ஜிப்ரியா, டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி, இருமல் வந்து எழுந்து உட்கார்ந்தாள். நேர் எதிரே அம்மாக்கண்ணுவின் பாதங்கள்.

"யா அல்லாஹ்! அக்கா, கால்ல என்னா அது?"

சுண்டுவிரலுக்குக் கீழே ஓர் ஆணியின் தலை தெரிந்தது. சுற்றிலும் தோல் கறுத்து, சீழ் கசிந்திருந்தது.

"யாரு கால்ல?" என்று கேட்டபடி அம்மாக்கண்ணு எழுந்தாள். காலைத் திருப்பிப் பார்த்தவள் ஆணியைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

ஜெயந்தினி ஓடிவந்தாள். "புடுங்காதீங்க! ஆஸ்பத்திரியில எடுக்கட்டும். கண்ண மூடுங்கக்கா. நான் தொடுறப்ப சொல்லுங்க."

அம்மாக்கண்ணு கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"தொடுங்களேன் நர்ஸம்மா."

"இவ்வளவு நேரமும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அம்மாக்கண்ணு கண்ணைத் திறந்து, தன் பாதத்தின் மேல் இருந்த நர்ஸின் விரலைப் பார்த்தாள்.

அவள் கணவன் ஆண்டியப்பன் வியாழக்கிழமை வாசலில் பெஞ்சுக்கு ஆணி அடித்திருந்தான். அப்போது சிதறியதாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காலோடுதான் அவள் மலை ஏறிக் கொழுந்து எடுத்தாள், சமைத்தாள், தூங்கினாள்.

ஆஸ்பத்திரியில் ஆணியை எடுத்த டொக்டர், பல வருஷச் சீனி கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது என்றார். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

"அப்ப யோகா செஞ்சதெல்லாம் வீணா சார்?"

"இல்லம்மா. சீனி குறைஞ்சதாலதான் ஒரு விரலோட போச்சு. மாத்திரையையும் விடாதீங்க, மூச்சுப் பயிற்சியையும் விடாதீங்க. ஆனா, கால தினமும் பாருங்க."

முதல் தடவை கட்டுப் பிரித்தபோது ஆண்டியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரொம்ப வலிக்குதா புள்ள?"

"இல்லீங்க" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. விரல் போன இடம்கூட வலிக்கவில்லை.

புண் ஆறி அவள் வகுப்புக்குத் திரும்பிய ஞாயிறு, ஜெயந்தினி பயிற்சியை உடனே தொடங்கவில்லை. பக்கத்தில் இருப்பவரின் பாதத்தை முதலில் பார்க்கச் சொன்னாள். அம்மாக்கண்ணு கூசிப்போய்க் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காட்டுங்கக்கா" என்ற ஜிப்ரியா, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.