வீட்டுக்கு ஒரு ஆள்

எண்பத்து நாலாம் வருஷத்து மார்கழியில் தேர்தல் வந்தபோது, ஆற்றங்கரைக் காலனியில் ஒருவரும் ஓட்டுப் போடக்கூடாது என்று முடிவாயிற்று. காத்தாயிக்கு அது தெரிந்ததே மூன்று நாள் கழித்துத்தான். குழாயடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவர்கள் அவளிடம் சொல்லவில்லை. அவள் நிற்கிறாள் என்று பேச்சை நிறுத்தவும் இல்லை.

காலனியில் கூட்டம் என்றால் தப்பட்டை தட்டி, "வீட்டுக்கு ஒரு ஆள்" என்று கூப்பிடுவார்கள். ஆள் என்றால் ஆம்பளை. காத்தாயியின் புருஷன் சுப்பன் செத்து மூன்று வருஷமாகிவிட்டது. பிள்ளை இல்லை. பிறந்த ஊர் போளூருக்கு அப்பால். அங்கேயும் யாரும் இல்லை. அதனால் தப்பட்டை அவள் வாசலில் நிற்காமல் போய்விடும். விடிந்ததும் ஆரணிக்கு நடந்துபோய், சின்னம்மாள் வீட்டில் பட்டு நூல் சுற்றிவிட்டு, பொழுது சாயத் திரும்புகிறவள் அவள். சில நாள் வழியில் நாய் குரைப்பதைத் தவிர அவளைப் பார்த்து யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

பாதை போட்டுத் தந்தால்தான் ஓட்டு என்று காலனி கேட்டது நியாயம்தான். சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. பிணத்தை அடுத்தவர் கழனி வழியாகத்தான் தூக்கிப் போகவேண்டும். சுப்பன் செத்தது ஐப்பசி அடைமழையில். நட்ட நாற்றை மிதிக்காதே என்று கழனிக்காரர் வரப்பில் நின்று கத்த, தூக்கினவர்கள் வாய்க்காலில் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். ஒருவனுக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. சுப்பனின் ஒரு கை வெளியே விழுந்து, தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே போயிற்று. கரையில் நின்று காத்தாயி அதைப் பார்த்தாள்.

தேர்தலன்று வேலை இல்லை. "நாளைக்கு வராத காத்தாயி. ஓட்டுப் போடக் கூட்டினு போக, கட்சிக்காரங்க எங்க தெருவுக்கு ஜட்கா வண்டி வுடறாங்க. போன தபா லேட் பண்ணிட்டானுங்க, ஒரே பேஜாராப் போச்சு," என்று முந்தின நாளே சின்னம்மாள் சொல்லிவிட்டாள். காலனிக்கு எந்த ஜட்காவும் வந்ததில்லை.

காலையிலிருந்து காத்தாயி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். யாராவது வந்து, "இன்னிக்குப் போகாத," என்று சொல்லுவார்கள் என்று காத்திருந்தாள். மூன்று மணி வரைக்கும் யாரும் வரவில்லை. எழுந்து முகம் கழுவி, துவைத்த புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அவள் போவதைப் பார்த்தார்கள். காலனிக்கென்று ஓட்டுச்சாவடி போட்டிருந்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைவாள் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

உள்ளே அதிகாரி நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். திடுக்கிட்டு எழுந்து பட்டியலைப் புரட்டினார். "காத்தாயி. கணவர் பெயர் சுப்பன்," என்று உரக்கப் படித்தார். வெறும் அறையில் அந்தப் பெயர் பெரிதாகக் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பெட்டியில உங்க ஓட்டு ஒண்ணுதாம்மா இருக்கும். யாருக்குப் போட்டீங்கன்னு எண்ணுறப்ப தெரிஞ்சுபோவும்," என்றார்.

"தெரியட்டும் சார்."

சட்டசபைக்கு ஒன்று, பார்லிமெண்டுக்கு ஒன்று என்று கொடுத்த இரண்டு சீட்டிலும் முத்திரை குத்தி, மடித்துப் போட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு காலனிப் பெரியவர் சடையன் வந்தார். மூன்று வருஷத்தில் அவள் வாசலுக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

"இன்னா காத்தாயி, ஊரே ஒண்ணா நின்னுகினு இருக்குது. நீ ஒருத்தி போய்க் குத்திட்டு வந்துட்டியே?"

"ஊர் நிக்குதுன்னு எங்கிட்ட யாரு மாமா சொன்னாங்க?"

"காலனிக்கே தெரியும். தனியா வேற சொல்லணுமா?"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாசப்படி தாண்டியிருக்க மாட்டேன். தண்ணியில இழுபட்டுப் போனது எம் புருஷன் கை. சர்க்கார் லிஸ்டுல எம் பேரு இருக்குது மாமா. உங்க கணக்குலதான் இல்ல."

சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு குழாயடியில் அவள் வந்தாலே பேச்சு நின்றது.

தை மாசம், பாதை கேட்டுக் காலனி கொடுத்திருந்த மனுவோடு தாசில்தார் வந்தார். காலனி முழுக்கப் புளியமரத்தடியில் கூடியது. காத்தாயியும் கடைசியில் போய் நின்றாள். "ஒருத்தரும் போடலைன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. ஒரு ஓட்டு விழுந்திருக்கே?" என்றார் தாசில்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

காத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அது நான் போட்டதுங்க. ஓட்டு போட்ட எனக்கும் அந்தப் பாதைதான் வேணும், போடாத இவங்களுக்கும் அதான் வேணும். எழுதிக்குங்க."

தாசில்தார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மனுவை அவள் பக்கம் நகர்த்தினார். சடையன் கைரேகைக்குக் கீழே அவள் ரேகை வைத்தாள்.

ஜீப் போனதும் எல்லோரும் நாலு பேர் ஐந்து பேராகப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். அவளோடு நடக்க யாரும் இல்லை. சடையன் பெண்சாதி செல்லம்மாள் மட்டும் போகிற போக்கில், "வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ," என்றாள். அது கரிசனமா, துரத்தலா என்று காத்தாயிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பாதை வர இன்னும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. மண் கொட்டி மட்டம் தட்டின அன்று காலனியே போய்ப் பார்த்தது. அப்போது காத்தாயி ஆரணியில் இருந்தாள். மறுநாள் விடியற்காலையில், ஒருவரும் எழுவதற்கு முன்னால், அந்தப் பாதையில் சுடுகாடு வரை நடந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி, வேலைக்குப் போனாள்.