கதவோரம் சாத்திய குடை

வாசகசாலையில் வினீஷின் கதையைப் பற்றிப் பேச இருபது பேர் வந்திருந்தார்கள். அவன் எதிர்பார்த்தது ஒருவரைத்தான். இறந்துபோன மனைவி ஷிம்னாவின் அண்ணன் உத்தமன்; அவனுக்கும் அவர் ஏட்டாதான். பஸ் டிரைவரின் காக்கிச் சட்டையோடு கடைசி பெஞ்சில் இருந்தார்.

கதை சின்னது. ஓட்டு எண்ணும் நாள். கணவன் டிவி முன்னால். மனைவி வெளியே போகும் சேலை கட்டி, குடையோடு வந்து நிற்கிறாள். 'இந்தச் சுற்று முடியட்டும்' என்கிறான். அவள் குடையைக் கதவோரம் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறாள். நான்கு சுற்றுக்குப் பிறகு அவள் தலை அவன் தோளில் சாய்கிறது.

நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் இரண்டு முறை கேட்டதை வினீஷ் எழுதவில்லை. கை வரவில்லை. குடை சொல்லிவிடும் என்று நம்பினான். உத்தமன் படித்தால் புரிந்துகொள்வார். சட்டையைப் பிடித்து உலுக்குவார். அவள் போன பதினாலு மாதமாக அதற்குத்தான் காத்திருந்தான்.

பள்ளி வாத்தியார் குமாரன் மாஷ் தொடங்கினார். "குடைங்கிறது மக்கள். அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை எடுப்பாங்க, அப்புறம் மூலையில சாத்திடுவாங்க."

"மாஷே, உங்க கட்சி தோத்ததுலேர்ந்து உங்களுக்குச் செருப்பும் மக்கள்தான்" என்றாள் நூல்களைப் பார்த்துக்கொள்ளும், ஊருக்கே அக்காவான ஜானு ஏச்சி. "அவ எங்க கிளம்பினா? அதைச் சொல்லுங்க."

வினீஷ் நிமிர்ந்தான்.

"எங்க போவா? ஜெயிச்சவன் ஊர்வலத்தைப் பாக்கத்தான்" என்றார் மாஷ்.

எல்லாரும் சிரித்தார்கள். பருப்புவடை வந்தது. கேள்வி அதோடு போயிற்று.

எழுதியவன் கடைசியில்தான் பேச வேண்டும், அதுவரை வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். தன் முறை வந்ததும் வினீஷ் எழுந்தான். ஒரே வாக்கியம்தான் தயாராக வைத்திருந்தான்.

"அந்தப் புருஷன் நான்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஜானு ஏச்சி கண்ணைத் துடைத்தாள். "எங்களுக்குத் தெரியாதா மோனே."

வெளியே மழை. உத்தமன் குடையை விரித்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"பஸ்ஸை ஓரங்கட்டிட்டுப் படிச்சேன்டா. அழுதுட்டேன். கடைசி நேரத்துல தனியாக் கிடந்தாளோன்னு இத்தனை நாளா உறுத்திட்டே இருந்துச்சு. உன் தோள்ல சாஞ்சுதான போயிருக்கா. இனிமே தூக்கம் வரும்."

"ஏட்டா, அன்னிக்கு அவ..."

"வேணாம்டா. எல்லாம் கதையிலயே இருக்கு."

வினீஷ் அவர் முகத்தைப் பார்த்தான். பல நாள் கழித்துச் சவரம் செய்திருந்தார்.

"நனையாத, உள்ள வா" என்றார் உத்தமன்.

வினீஷ் குடைக்குள் வந்தான்.